நண்பர்களின் நக்கல் ஊருக்கே கேட்டால்..? மயிலாப்பூர் சபா முதல் நேசமணி வரை!

2019 மே 30. டெல்லியில் நரேந்திர மோடி இரண்டாவது முறையாகப் பிரதமராகப் பதவியேற்ற நாள். சேனல்கள் எல்லாம் ராஷ்டிரபதி பவனையே காட்டிக்கொண்டிருக்க, ட்விட்டரில் உலக அளவில் டிரெண்டாகிக்கொண்டிருந்தவர் ஒரு பெயின்டிங் கான்ட்ராக்டர். அவர் தலையில் சுத்தியல் விழுந்துவிட்டதாம். பிழைப்பாரா, மாட்டாரா என்று தமிழ்நாடே 'கவலை'யில் இருந்தது. இத்தனைக்கும் அந்தச் சுத்தியல் விழுந்து 18 வருடங்கள் ஆகியிருந்தன. விழுந்ததும் சினிமாவில்!

2001 பொங்கலுக்கு வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த கான்ட்ராக்டர் நேசமணி யாரென்று தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால், அன்று மற்ற மாநிலத்துக்காரர்கள் 'யாருப்பா இந்த நேசமணி, அவருக்காக ஏன் எல்லோரும் பிரார்த்தனை செய்கிறார்கள்?' என்று நிஜமாகவே குழம்பிப்போனார்கள். சில ஆங்கில ஊடகங்கள் விளக்கக் கட்டுரையே எழுத வேண்டியதாகிவிட்டது.

இதன் தொடக்கம் ரொம்பச் சின்னது. கட்டுமானத் துறை தொடர்பான ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, 'உங்கள் ஊரில் இதை என்ன சொல்வீர்கள்?' என்று கேட்டிருந்தார்கள். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவந்த தமிழ் இன்ஜினீயர் ஒருவர், இதன் பெயர் சுத்தியல் என்று பதில் எழுதினார். அத்துடன் விடாமல், எதிலாவது தட்டினால் 'டங் டங்' என்று சத்தம் வரும் என்றும், ஜமீன் பங்களாவில் வைத்து இதனால்தான் பெயின்டர் நேசமணியின் தலையை அவருடைய சொந்தக்காரப் பையன் உடைத்துவிட்டான் என்றும் கொஞ்சமும் சிரிக்காத முகத்தோடு சேர்த்துவிட்டார். 

இதோடு முடிந்திருந்தால் அது ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாக ஒரு கமென்ட். இன்னொருவர் வந்து, 'ஐயோ, இப்போது அவர் எப்படி இருக்கிறார்?' என்று பதறினார் பாருங்கள், அங்கேதான் சரித்திரம் திரும்பியது. முதல் ஆள் போட்ட பந்தை இரண்டாவது ஆள் கீழே விழவிடாமல் தட்டினார். கவுண்டமணிக்கு செந்தில் மாதிரி. மூன்றாவது ஆள் மருத்துவமனை அறிக்கை எழுதினார். நான்காவது ஆள் பிரேக்கிங் நியூஸ் கார்டு அடித்தார். சுத்தியலைக் கைநழுவ விட்ட ரமேஷ் கண்ணாவை (படத்தில் கிருஷ்ணமூர்த்தி) கைது செய்யச் சொல்லி இன்னொரு கோஷ்டி கிளம்பியது. யாரும் யாருக்கும் போன் போட்டுத் திட்டமிடவில்லை. ஆனால், எல்லோருக்கும் வசனம் தெரிந்திருந்தது.

அந்த அறிக்கை விளையாட்டு ஏன் அவ்வளவு எடுபட்டது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை, 75 நாள்கள், முதலமைச்சர் ஜெயலலிதா அப்போலோவில் இருந்தார். அவ்வப்போது வரும் அறிக்கைகளைத் தவிர மக்களுக்கு வேறெதுவும் காட்டப்படவில்லை. அவர் இட்லி சாப்பிட்டார் என்றெல்லாம் சொன்னது பொய் என்று, அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசனே 2017-ல் மேடையில் ஒப்புக்கொண்டார். அந்த 75 நாள்களில் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வியெல்லாம் மனதுக்குள் கிடந்திருக்கிறது. இரண்டரை வருடம் கழித்து நேசமணி பெயரைச் சொல்லி ஊரே அறிக்கைகளைக் கேலி செய்து தீர்த்துக்கொண்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

'இங்கு அரசியல் பேசாதீர்!'

டீக்கடைகளிலும் சலூன்களிலும் இந்த போர்டைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. போர்டு மாட்ட வேண்டிய அளவுக்கு அங்கே அரசியல் பேசப்படுகிறது என்பதுதான் அதன் அர்த்தம். இன்றைக்கு அதே போர்டு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் டிஸ்க்ரிப்ஷனில் இருக்கிறது. அங்கேயும் யாரும் மதிப்பதில்லை. காலை 6 மணிக்குப் பூ படத்துடன் குட்மார்னிங் போடும் சித்தப்பா, 6.05-க்கு ஆளுங்கட்சியை ஓட்டும் மீம் ஒன்றைத் தட்டிவிடுவார். 6.10-க்கு அத்திம்பேர் எதிர்க்கட்சியை ஓட்டுவார். 6.15-க்கு இருவரில் ஒருவர் குரூப்பிலிருந்து 'லெஃப்ட்'!

அடுத்தவரை வார்த்தையால் வாருவதற்குத் தமிழில் இருக்கும் சொற்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். நக்கல், நையாண்டி, கிண்டல், கேலி, எகத்தாளம், குசும்பு, லொள்ளு, கலாய்ப்பது, ஓட்டுவது, வாருவது, கடிப்பது, பல்பு கொடுப்பது... ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு. குசும்பு செய்தவனை ரசிக்கலாம், எகத்தாளம் பேசியவனை அடிக்கத் தோன்றும். இந்த அளவு வித்தியாசம் நேரில் பேசும்போது முகத்திலும் குரலிலும் தெரிந்துவிடும். எழுத்தில் தெரியாது. இந்தக் கட்டுரையில் பின்னால் வரப்போகும் வழக்குகளில் பாதிக்கு அடிப்படையே இதுதான்.

சென்னையில் இந்த வகைப் பேச்சுக்கு என்று ஓர் அஞ்சல் குறியீடு கொடுக்கச் சொன்னால், பலரும் மயிலாப்பூரின் 600004-ஐத்தான் சொல்வார்கள். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்கள், நடப்பதைவிட பெஞ்சில் உட்கார்ந்து ஆட்சியைக் கலைப்பதில்தான் அதிக கலோரி செலவழிக்கிறார்கள் என்பது உள்ளூர்க்காரர்களே சொல்லும் ஜோக். (தலைவலித் தைலமான அமிர்தாஞ்சனை உருவாக்கியவர் பெயரில்தான் அந்தப் பூங்கா இருக்கிறது. பொருத்தம்தான்!)

அந்த மண்ணிலிருந்து வந்தவர்தான் சோ ராமசாமி. மயிலாப்பூர் பி.எஸ். பள்ளி, விவேகானந்தா கல்லூரி, பிறகு சட்டப் படிப்பு. டி.டி.கே நிறுவனத்தில் சட்ட ஆலோசகராக இருந்துகொண்டே, நண்பர்களோடு சேர்ந்து 'விவேகா ஃபைன் ஆர்ட்ஸ்' குழுவில் நாடகம் போட்டார். 1968-ல் மேடையேறிய 'முகமது பின் துக்ளக்' நாடகத்தின் கரு இன்றைக்கு ஒரு யூடியூப் சேனல் எடுத்தாலும் செல்லுபடியாகும். 14-ம் நூற்றாண்டு சுல்தான் துக்ளக் கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிட்டதாக இரண்டு பேர் நாடகமாட, நாடு அதை நம்பி, அவரைப் பிரதமராகவே ஆக்கிவிடுகிறது. 1971-ல் படமாகவும் வந்தது.

1970 ஜனவரி 14, பொங்கலன்று 'துக்ளக்' இதழ் தொடங்கியபோது முதல் அட்டையில் இருந்தவை இரண்டு கழுதைகள். பத்திரிகை வருவதைப் பற்றி ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் கழுதைகள்! தன்னையே முதலில் கலாய்த்துக்கொண்டால் மற்றவர்களைக் கலாய்க்கும் உரிமை தானாக வந்துவிடும் என்ற சூட்சுமம் அவருக்குத் தெரிந்திருந்தது. மொட்டைத் தலை, முழிக்கும் கண்கள் என்று தன் உருவத்தையே முத்திரையாக்கினார். இன்றைய மொழியில் சொன்னால், தன் முகத்தையே டெம்ப்ளேட் ஆக்கியவர்.

அவருடைய கேள்வி-பதில் பகுதிதான் இதில் முக்கியம். வாசகர் ஒரு வரியில் கேட்பார், இவர் இரண்டு வரியில் பதில் சொல்வார். ட்விட்டருக்கு முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பே ட்விட்டர்! எமர்ஜென்சியில் தணிக்கை வந்தபோது கறுப்பு அட்டையோடு இதழ் வந்தது. அரசியல் எழுதக் கூடாது என்றால் சினிமா எழுதலாமே என்று, எம்.ஜி.ஆர் நடித்து 1951-ல் வெளியான பழைய படம் ஒன்றுக்கு விமர்சனம் போட்டார் சோ. படத்தின் பெயர் 'சர்வாதிகாரி'. எதற்காக 24 வருடம் கழித்து இந்தப் படத்துக்கு விமர்சனம் என்று யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நேசமணியின் உடல்நிலை அறிக்கையும் இதே வித்தைதான். சினிமாவைப் பேசுகிற மாதிரி அரசியலைப் பேசுவது.

சோவின் அரசியலை ஏற்காதவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர் யாரைக் கிண்டல் செய்தார், யாரை விட்டுவைத்தார் என்ற விமர்சனம் அவர் இருந்தபோதும் இருந்தது, 2016 டிசம்பர் 7-ல் அவர் மறைந்த பிறகும் இருக்கிறது. அந்தக் கணக்கு நியாயமானதுதான். நக்கல் அடிப்பவர் எந்தப் பக்கம் திரும்பவில்லை என்பதை வைத்தே அவரை எடை போடுவது நம்மூர் வழக்கம்.

அதே வட்டாரத்தில் அரசியல் பக்கமே திரும்பாத இன்னொருவர் இருந்தார். மந்தைவெளி வீட்டில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்து எழுதிய கிரேசி மோகன். கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். எஸ்.வி.சேகரின் 'நாடகப்ரியா' குழுவுக்காக 1976-ல் எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979-ல் நண்பர்களையும் தம்பி மாது பாலாஜியையும் சேர்த்துக்கொண்டு 'கிரேசி கிரியேஷன்ஸ்' தொடங்கினார். சோவின் ஜோக்கைப் புரிந்துகொள்ள அன்றைய பேப்பர் படித்திருக்க வேண்டும். மோகனின் ஜோக்கைப் புரிந்துகொள்ள காது மட்டும் போதும். 'மைக்கேல் மதன காம ராஜன்' வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் அதன் காமேஸ்வரன் க்ளிப் வராத வாட்ஸ்அப் குரூப் கிடையாது. 2019 ஜூன் 10-ல் மோகன் காலமானபோது, பதினோரு நாள்களுக்கு முன் நேசமணிக்காக 'பிரார்த்தனை' செய்த அதே டைம்லைன், இந்த முறை நிஜமாகவே அழுதது.

மதுரைக்காரர் பிடித்த சென்னை

சபா ஜோக்குக்கு ஒரு வசதி இருந்தது. மேடையில் இருப்பவருக்கும் நாற்காலியில் இருப்பவருக்கும் ஒரே தெரு, ஒரே பேச்சு, கிட்டத்தட்ட ஒரே காபி. அதுவே அதன் எல்லையும்கூட. மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸிலும் ஆர்.ஆர். சபாவிலும் வயிறு குலுங்கிய ஜோக், வியாசர்பாடியில் சிரிப்பை வரவழைத்திருக்குமா என்பது சந்தேகம்.

மீம் அந்த எல்லையை உடைத்துவிட்டது. இப்போது அடையாறில் ஐ.டி வேலை பார்க்கும் பையனும், தி.நகரில் சி.ஏ படிக்கும் பெண்ணும், மேலதிகாரியைப் பற்றிப் புலம்ப வேண்டுமென்றால் எடுப்பது மதுரைக்காரரான வடிவேலுவின் முகத்தை. வீரமாகக் கிளம்பி உதை வாங்கினால் 'வின்னர்' கைப்புள்ள. ஜம்பத்துக்குக் குறைவில்லை என்றால் 'தலைநகரம்' நாய் சேகர். அதிகாரத்தில் இருப்பவரின் அசட்டுத்தனம் என்றால் 23-ம் புலிகேசி. வழக்கறிஞர் என்றால் வண்டு முருகன். மனித மனதின் எல்லா அசட்டு நிலைகளுக்கும் ஒரு முகம் வைத்திருக்கிறார் அவர்.

இதில் ஒரு வேடிக்கை. நேசமணி உலக டிரெண்டில் இருந்த 2019-ல் வடிவேலுவுக்குப் புதுப்படமே இல்லை. 'இம்சை அரசன் 24-ம் புலிகேசி' படப் பிரச்னையில் தயாரிப்பாளர்களுடன் தகராறு, அதனால் தடை. அது நீங்கியது 2021-ல். 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' வந்தது 2022 டிசம்பரில். திரையில் இல்லாத அந்த வருடங்களில்தான் அவர் ஒவ்வொரு போனிலும் தினமும் நடித்துக்கொண்டிருந்தார். சம்பளம் மட்டும் வரவில்லை!

2017 பிப்ரவரி இந்தத் தலைமுறைக்குப் பெரிய பயிற்சிக்களம். 7-ம் தேதி இரவு ஓ.பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் கண்மூடி உட்கார்ந்தார். அவர் கண் திறப்பதற்குள் மீம்கள் வந்துவிட்டன. அடுத்து எம்.எல்.ஏ-க்கள் கூவத்தூர் ரிசார்ட்டுக்குப் போனார்கள். செய்திச் சேனல்கள் வாசலில் காத்திருக்க, உள்ளே என்ன நடக்கிறது என்பதை 'நேரடி'யாகச் சொன்னவர்கள் மீம் பக்கங்களை நடத்திய இளைஞர்கள்தான். முந்தைய மாதம்தான் ஜல்லிக்கட்டுக்காக அதே மெரினாவில் கூடியிருந்தார்கள். எழுத்துப் பதாகைகளைவிட சினிமா வசனப் பதாகைகள் அங்கே அதிகம் என்று அப்போதே பேசப்பட்டது. 2018 ஏப்ரலில் திருவிடந்தை ராணுவக் கண்காட்சிக்குப் பிரதமர் வந்தபோது, காவிரிக் கோபம் கறுப்பு பலூனாகவும் ஹேஷ்டேகாகவும் பறந்தது. ஆதரவாளர்களும் சும்மா இருக்கவில்லை. எதிர் ஹேஷ்டேக், எதிர் மீம் என்று கட்சிகளின் ஐ.டி விங்குகள் முழுநேரமாகக் களத்தில் இறங்கின. நண்பர்கள் பொழுதுபோக்காகச் செய்ததைக் கட்சிகள் காசு கொடுத்துச் செய்யத் தொடங்கிய காலம் அது. ஒரு மீமைப் பார்த்துச் சிரிக்கும் முன் 'இது யார் வீட்டு அடுப்பில் வெந்தது?' என்று யோசிக்க வேண்டிய நிலைமை அன்றிலிருந்து வந்ததுதான்.

நண்பர்கள் கோஷ்டிகளே தொழிலாக எடுத்துக்கொண்ட கதையும் உண்டு. 'புட் சட்னி', 'டெம்பிள் மங்கீஸ்', 'ஸ்மைல் சேட்டை', 'மெட்ராஸ் சென்ட்ரல்' என்று யூடியூபில் வரிசையாக வந்தார்கள். மெட்ராஸ் சென்ட்ரலில் அரசியல்வாதிகளை ஓட்டிய கோபி - சுதாகர் ஜோடி, பிறகு 'பரிதாபங்கள்' தொடங்கி வீட்டுக்கு வீடு தெரிந்த முகங்களானார்கள். ஆழ்வார்பேட்டை 'மேடை' மாதிரியான சின்ன அரங்குகளில் ஓபன் மைக் பிடித்த பிள்ளைகள் ஒருபக்கம். சபாக்கள் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், சிரிப்பு மட்டும் எங்கும் போய்விடவில்லை.

தி.நகரிலிருந்து ஓர் உதாரணம் சொல்லாமல் போனால் குற்றமாகிவிடும். 2017 வாக்கில் லெஜண்ட் சரவணா ஸ்டோர்ஸ் உரிமையாளர் சரவணன், ஹன்சிகாவோடும் தமன்னாவோடும் தானே விளம்பரத்தில் வந்தார். அன்றைக்கு அவரைக் கிண்டல் செய்யாத கைப்பேசி இல்லை. அதில் பெரும்பகுதி அவருடைய தோற்றத்தையும் நிறத்தையும் பற்றியது என்பதை இப்போது திரும்பிப் பார்த்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. பெரிய நடிகர்களின் விளம்பரங்களுக்கு வராத சிரிப்பு, ஒரு கடைக்காரருக்கு மட்டும் ஏன் வந்தது? அவர் வழக்குப் போடவில்லை, புலம்பவுமில்லை. விளம்பரங்களை இன்னும் பிரமாண்டமாக எடுத்தார். 2022 ஜூலையில் 'தி லெஜண்ட்' என்று படமே எடுத்து ஹீரோவாக வந்து நின்றார். மீம் போட்டவர்கள் கடைக்கு இலவச விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவர்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்திருக்கும்.

16 பேர் படித்த ட்வீட்

எல்லோரும் சரவணன் போலச் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவதில்லை.

1987 மார்ச் 29 தேதியிட்ட 'ஆனந்த விகடன்' அட்டையில், எம்.எல்.ஏ-க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்யும் ஒரு ஜோக் வந்தது. வழக்கமான வாரப் பத்திரிகை ஜோக். சட்டமன்றம் அதை உரிமை மீறலாக எடுத்துக்கொண்டது. சபாநாயகர் பி.எச்.பாண்டியன். ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மன்னிப்பு கேட்க மறுத்தார். ஏப்ரல் 4-ம் தேதி 3 மாதக் கடுங்காவல் என்று தீர்ப்பு. நாடு முழுக்க எழுந்த எதிர்ப்பால் மூன்றே நாள்களில் விடுதலை. அத்தோடு அவர் விடவில்லை. நீதிமன்றம் போனார். 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம், அவர் கைது செல்லாது என்று சொல்லி, 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஒரு ஜோக்கின் கணக்கு முடிய ஏழு வருடம்!

அது பெரிய பத்திரிகை. லட்சக்கணக்கான வாசகர்கள், வழக்கறிஞர்கள், பெயர் எல்லாம் இருந்தது. 2012 அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். கார்த்தி சிதம்பரத்தின் சொத்து பற்றி ட்வீட் போட்டதாகப் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு வியாபாரி கைது செய்யப்பட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஏ பிரிவு. நிரூபிக்கப்பட்டால் 3 வருடம் வரை சிறை. அவரை ட்விட்டரில் பின்தொடர்ந்தவர்கள் அப்போது வெறும் 16 பேர் என்று செய்திகள் சொல்லின. ஒரு டீக்கடை பெஞ்சில் இதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள். புகாரும் கைதும்தான் அந்த ட்வீட்டை இந்தியா முழுக்கப் படிக்க வைத்தன.

66-ஏ பிரிவு அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் தூக்கியெறிந்தது. மும்பை பக்கத்தில் பால்கரில் ஃபேஸ்புக் பதிவுக்காக இரண்டு பெண்கள் கைதானதைப் பார்த்துப் பொறுக்காமல், ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி தொடுத்த வழக்கு அது. 'எரிச்சலூட்டுவது', 'அசௌகரியம் தருவது' என்று அந்தப் பிரிவில் இருந்த சொற்களுக்கு யார் எப்படி வேண்டுமானாலும் அர்த்தம் சொல்லலாம் என்பதே தீர்ப்பின் சாரம். உண்மைதான். எரிச்சலூட்டாத நக்கல் என்று ஒன்று உண்டா என்ன?

பிரிவு போனதே தவிர, வழக்கு போகவில்லை. கலவரத்தைத் தூண்டுவது, பிரிவுகளுக்கிடையே பகை வளர்ப்பது, அவதூறு என்று வேறு பிரிவுகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை வைத்து அவர் வரைந்த கேலிச்சித்திரம்தான் காரணம்.

ஃபார்வர்டு செய்தால் யார் பொறுப்பு?

இந்தக் கேள்விக்குச் சென்னையில் கிடைத்த பதில், அதே நாடக மேடையிலிருந்து வந்த ஒருவரின் வழக்கில்தான் கிடைத்தது. கிரேசி மோகனின் முதல் பெரிய வெற்றியை மேடையேற்றிய எஸ்.வி.சேகர், 2006-ல் மயிலாப்பூர் தொகுதியின் எம்.எல்.ஏ-வும் ஆனவர். 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். அது ஜோக்கும் இல்லை, கருத்தும் இல்லை. வேறொருவர் எழுதியதைப் படிக்காமலேயே பகிர்ந்துவிட்டதாகச் சொல்லி நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். 

முன்ஜாமீன் மனுவை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றை ஃபார்வர்டு செய்வது அதை ஏற்றுக்கொண்டு வழிமொழிவதற்குச் சமம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பியது. 2024 பிப்ரவரியில் எம்.பி., எம்.எல்.ஏ-க்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 'எனக்கு வந்தது, அப்படியே அனுப்பினேன்' என்பது தமிழ்நாட்டின் எல்லாக் குடும்ப குரூப்பிலும் தினமும் கேட்கும் வாக்கியம். நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

குரூப் அட்மின்களுக்கு மட்டும் கொஞ்சம் நிம்மதி உண்டு. கரூர் வழக்கறிஞர்கள் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் உறுப்பினர் போட்ட பதிவுக்காக அட்மின் மீதும் வழக்குப் பதிவானது. அட்மினாக இருந்தார் என்பதைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்று, 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன்.

அதே நீதிபதி, அதே மாதம் கொடுத்த இன்னொரு தீர்ப்பு இருக்கிறது. சிரிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டியது. மதுரை மாவட்டம் வாடிப்பட்டியைச் சேர்ந்த, 60 வயதைக் கடந்த இடதுசாரிக் கட்சிப் பிரமுகர் ஒருவர், மகள், மருமகனோடு சிறுமலைக்குச் சுற்றுலா போனார். அங்கே எடுத்த படங்களை ஃபேஸ்புக்கில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று வேடிக்கையாக ஒரு வரி சேர்த்தார். தோழர்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் சமாசாரம். ஆனால், வாடிப்பட்டி போலீஸ் சிரிக்கவில்லை. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேகரிப்பது உள்ளிட்ட பிரிவுகளில் வழக்குப் பதிவு செய்து, அவரைக் காவலில் வைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார்.

வழக்கை ரத்து செய்த நீதிபதி, இந்தத் தீர்ப்பை ஜக் சுரையா, இ.பி.உன்னி போன்ற நகைச்சுவை எழுத்தாளர்களோ கார்ட்டூனிஸ்டுகளோ எழுதியிருந்தால், அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவில் இருக்கும் அடிப்படைக் கடமைகளோடு 'சிரிக்கும் கடமை'யையும் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள் என்று எழுதினார். வேடிக்கையாகப் பேசும் உரிமையைப் பேச்சுரிமைப் பிரிவுக்குள்ளேயே தோண்டி எடுக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். எதைப் பார்த்துச் சிரிப்பது என்பதுதான் சிக்கல், வாரணாசி முதல் வாடிப்பட்டி வரை ஊருக்கு ஊர் வேறு வேறு புனிதப் பசுக்கள் மேய்கின்றன என்றும் சொன்னார். சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு பத்தி இருப்பதே ஒரு ஜோக்குக்குக் கிடைத்த மரியாதை. ஆனால், அந்தப் பத்தி வருவதற்குள் ஒரு பெரியவர் ஸ்டேஷன், மாஜிஸ்திரேட் கோர்ட், ஹைகோர்ட் என்று ஏறி இறங்கிவிட்டார்.

2025-ம் ஆண்டும் இதற்கு விலக்கில்லை. பிப்ரவரியில் விகடனின் இணைய இதழில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டு அனுப்பப்பட்டதையொட்டி, பிரதமரை விலங்கோடு ட்ரம்ப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கார்ட்டூன் வந்தது. சில நாள்களில் இணையதளமே திறக்கவில்லை. மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தின் முடக்கத்தை விலக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. ஒரே ஒரு படத்துக்காக ஒரு நூற்றாண்டை நெருங்கும் நிறுவனத்தின் மொத்தத் தளமும் இருட்டில் கிடந்தது.

ஆகஸ்ட்டில் பரிதாபங்கள் முறை. நெல்லையில் கவின் ஆணவக் கொலை செய்யப்பட்ட அதிர்ச்சி அடங்கும் முன், கோபியும் சுதாகரும் 'சொசைட்டி பாவங்கள்' என்ற வீடியோவை வெளியிட்டார்கள். சாதிப் பெருமை பேசுகிறவர்களின் பேச்சை அப்படியே பேசிக் காட்டினார்கள், அவ்வளவுதான். நடவடிக்கை எடுக்கச் சொல்லி கோவையில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுக்கப்பட்டது. அதே வேகத்தில் ஆதரவும் குவிந்தது. இத்தனை நாள் எல்லா அரசியல்வாதிகளையும் ஓட்டியபோது வராத கோபம், பக்கத்து வீட்டுக்காரரின் சாதிப் பேச்சை ஓட்டியபோது வந்தது கவனிக்க வேண்டிய விஷயம்.

அப்படியென்றால் குரூப்பில் வாயே திறக்கக் கூடாதா? அப்படியில்லை. சில நடைமுறைகளை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' இரண்டு நாள்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வேலை செய்யும். ஆனால், ஸ்க்ரீன்ஷாட்டுக்கு டெலீட் கிடையாது. பலமுறை ஃபார்வர்டு ஆன தகவலில் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த இரட்டை அம்பு தெரிந்தால், அது உங்கள் நண்பர் யோசித்த ஜோக் இல்லை, எங்கோ யாரோ அனுப்பிவிட்டது என்று அர்த்தம். ஒரு குரூப்பில் இப்போது 1,024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேரும் நண்பர்கள் என்று யாராவது சொன்னால், அதுதான் அன்றைய நாளின் சிறந்த ஜோக்.